ஷூ மாட்டிக்கொண்டு நின்றவன்

வாசலில் கார் வந்து நின்றது. சோஷியல் வொர்க்கர் இறங்குவதற்குள் பையன் ஷூ மாட்டி, ஸ்கூல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் வந்து நின்றுவிட்டான்.

இன்று மத்தியானம், தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில், எங்கள் பக்கத்து வீட்டில்.

ஏழு வயசு. லேஸில் இரட்டை முடிச்சு. அழவில்லை.

"எங்கடா கிளம்பிட்ட? அக்கா பேசத்தான் வந்திருக்காங்க, நீ எங்கயும் போகலைய்யா" என்று வளர்க்கிற பாட்டி சொல்லியும் ஷூவைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டான்.

சோஷியல் வொர்க்கர் வந்தது, பையனை இந்த வீட்டில் வளர்க்க விட்ட கோர்ட் உத்தரவை நீட்டிக்கிற விஷயமாக. இங்கே 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, வளர்ப்புக் குடும்பத்தில் வைக்கும் உத்தரவு பொதுவாக 2 வருஷம்தான் செல்லும். நீண்ட காலத்துக்குக் கொடுக்கவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. ஒரு வீட்டில் வேர் பிடித்துவிட்ட பிள்ளைக்கு அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பேன்.

ஆபீஸுக்கு அது ஒரு ஃபைல். இவனுக்கோ, நாளைக்கு எந்த வீட்டில் தூங்குவோம் என்கிற பயம்.

மாசாமாசம் உதவித்தொகை வருகிறது. சாப்பாட்டுக்கும் யூனிஃபார்முக்கும் ஆகும். மனசுக்கு?

யார் வரப்போகிறார்கள், எதற்கு என்று முந்தின நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். பெற்ற அம்மாவைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். கத்தினாலும், படுக்கையை நனைத்தாலும் அடங்காத பிள்ளை என்று முத்திரை குத்த வேண்டாம். பயம் அப்படியும் வெளியே வரும்.

வளர்க்கிற பாட்டிக்கும் மனசுவிட்டுப் பேச ஓர் ஆள் வேண்டும்.

பிள்ளைகளுக்கு உதவுகிற போன் சேவையான சைல்ட்லைனின் நம்பர் இங்கே 116. காசில்லாமல் கூப்பிடலாம், பிள்ளைகளும் பெரியவர்களும்.