பார்படோஸில் எந்தக் கரையில் தங்குவது: அம்மா, பிள்ளைகளோடு இடம் தேடிய அனுபவம்

பார்படோஸ் சின்னத் தீவு. நீளம் ஏறக்குறைய 34 கிலோமீட்டர், அகலம் 23 கிலோமீட்டர். எங்கே தங்கினாலும் தீவு முழுவதையும் சுற்றிவிடலாம், இடத்தைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள் என்று போய்வந்த நண்பர்கள் சொன்னார்கள். ஊர் சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு அது சரி. நாங்கள் ரொறன்ரோவிலிருந்து ஐந்து பேராகக் கிளம்பினோம்: நானும் கணவரும், ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் பிள்ளைகள், முழங்கால் வலியோடு அம்மா. இப்படி ஒரு குடும்பத்துக்கு, காலையில் கதவைத் திறந்தால் எப்படிப்பட்ட கடல் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் விடுமுறை அமையும். அதனால் வீட்டைத் தேடுமுன் கரையைத் தேர்ந்தெடுத்தோம். அதற்குத்தான் நிறைய நேரம் எடுத்தது. அந்த நேரம் வீண்போகவில்லை.

தீவின் கிழக்குக் கரை நேராக அட்லாண்டிக்கைப் பார்க்கிறது. அங்கே இருக்கும் பத்ஷீபாவின் படங்களைப் பார்த்தால் உடனே போக வேண்டும் போல இருக்கும். கடலுக்குள் நிற்கும் பெரிய பாறைகள், வெள்ளை நுரை, பின்னால் பச்சைக் குன்றுகள். வீட்டு வாடகையும் மற்றக் கரைகளைவிடக் குறைவாகத் தெரிந்தது. ஆனால் அது அலைச்சறுக்குக்காரர்களின் கடல். நீரோட்டம் பலமானது. பாறைகளுக்கு நடுவே தேங்கும் குளம் போன்ற இடங்களில் உட்கார்ந்து நனையலாமே தவிர, பிள்ளைகளை நீந்த விட முடியாது. தென்கிழக்கில் கிரேன் கடற்கரையும் அப்படித்தான். அழகில் குறையே இல்லை, ஆனால் அலை பெரியது. இரண்டையும் ஒருநாள் போய்ப் பார்க்கும் இடங்களாக ஒதுக்கிவிட்டோம்.

மிச்சமிருந்தவை மேற்குக் கரையும் தெற்குக் கரையும்.

மேற்குக் கரையில் செயிண்ட் ஜேம்ஸ் பக்கம்தான் பெரிய விடுதிகளும் பணக்கார வீடுகளும் இருக்கின்றன. 1627இல் ஆங்கிலேயர் முதலில் குடியேறிய ஹோல்டவுன் அங்கேதான். கரீபியன் கடலைப் பார்த்த கரை என்பதால் தண்ணீர் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். ஆனாலும் குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கில் புயல் எழும்பினால் அதன் அலை சில நாட்கள் இங்கேயும் வந்து அடிக்கும் என்று விடுதிகளைப் பற்றிய பழைய குறிப்புகளைப் படித்துத் தெரிந்துகொண்டேன். கடற்கரை மணல் சில இடங்களில் மிகவும் ஒடுங்கியது. விலையும் எங்கள் கைக்கு எட்டுவதாக இல்லை.

தெற்குக் கரையில் ஹேஸ்டிங்ஸ், ராக்லி, வொர்திங், செயிண்ட் லாரன்ஸ் கேப், மேக்ஸ்வெல், ஓய்ஸ்டின்ஸ் என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. அலை மேற்கைவிடக் கூடுதல், காற்றும் கூடுதல். காற்று இருந்தால் நுளம்பு குறைவு, இரவில் குளிர்சாதனம் இல்லாமலும் தூங்கலாம். ஆனால் இந்தக் கரை முழுவதும் ஒரே மாதிரி இல்லை என்பது செயற்கைக்கோள் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. வொர்திங்கில் கரைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பவளப்பாறைத் திட்டு இருக்கிறது. அலை அதில் உடைந்து வெள்ளைக் கோடாகத் தெரியும். கோட்டுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் வெளிர்நீலமாக, ஆழமில்லாமல், கிட்டத்தட்ட ஒரு களப்பு. தெற்குக் கரையின் விலையில் மேற்குக் கரையின் தண்ணீர். அதைப் பார்த்ததும் எனக்கு இடம் முடிவாகிவிட்டது. வீடு பார்க்கிற எல்லோருக்கும் சொல்வேன், படுக்கையறைப் படங்களைப் பார்க்குமுன் அந்த வெள்ளைக் கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

மாதமும் இதோடு சேர்ந்ததுதான். ஒன்ராறியோவில் மார்ச் நடுவில் பள்ளிக்கூட விடுமுறை வருகிறது. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை அங்கே நெரிசலான பருவம், வாடகை உச்சம். யூலை, ஆகஸ்ட் என்றால் மலிவு. ஆனால் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். பார்படோஸ் மற்றத் தீவுகளுக்குக் கிழக்கே ஒதுங்கி இருப்பதால் சூறாவளிகள் பெரும்பாலும் விலகிப் போகும். ஆனாலும் 2021இல் எல்சா வந்தது. 2024 யூலை 1 அன்று பெரில் தெற்கே கடந்தபோது மீன்பிடிப் படகுகள் ஏராளமாக நொறுங்கின. வெயில்கால விலைக்கு ஆசைப்படுகிறவர்கள் இரத்துச் செய்யும் நிபந்தனையை ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும்.

இன்னொன்று கடற்பாசி. சர்காசம் எனப்படும் பழுப்புப் பாசி 2011 முதல் கரீபியன் தீவுகளில் பெருமளவில் ஒதுங்கத் தொடங்கியது. பார்படோஸில் கிழக்கும் தென்கிழக்கும்தான் அதிகம் வாங்கும், மேற்குக்கு மிகவும் குறைவு. வசந்தத்தில் கூடி, கோடை முழுவதும் நீடிக்கும். குவிந்து அழுகினால் கூழ்முட்டை நாற்றம். விளம்பரப் படத்தில் பாசி இருக்காது என்பதால், முன்பு தங்கியவர்கள் எழுதிய குறிப்புகளில் நாங்கள் போகும் மாதத்தில் எழுதப்பட்டவற்றை மட்டும் தேடிப் படித்தேன். மார்ச்சில் வொர்திங் பற்றிப் பெரிய முறைப்பாடு எதுவும் இல்லை.

கரை முடிவானதும் அடுத்த கேள்வி: எல்லாம் உள்ளடக்கிய விடுதியா, சமையலறை உள்ள வீடா? என் கணவருக்கு விடுதிதான் விருப்பம். சாப்பாடு, குடிபானம், நீச்சல்குளம் எல்லாம் ஒரே கட்டணத்தில் முடிந்துவிடும், யாரும் சமைக்கத் தேவையில்லை என்பார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் கட்டணம் ஆள்கணக்கில். அம்மா வெள்ளிக்கிழமை மரக்கறி, மற்ற நாட்களில் ஒரு நேரம் சோறு வேண்டும், மதுபானம் தொடுவதில்லை. சின்னவன் சாப்பிடுவது மூன்றே மூன்று வகை. நாங்கள் சாப்பிடாத சாப்பாட்டுக்கும் குடிக்காத ரம்முக்கும் ஐந்து பேருக்குக் காசு கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அப்புறம் அறைகள். ஐந்து பேரை ஒரே அறையில் விடமாட்டார்கள், இரண்டு அறை எடுத்தால் அருகருகே தருவோம் என்று உறுதி சொல்லவும் மாட்டார்கள். அம்மாவைத் தனியாக இன்னொரு மாடியில் படுக்கவிட எனக்கு மனமில்லை. கூட்டிக் கழித்துக் காட்டியதும் அவரும் சரி என்றார்.

இரண்டு படுக்கையறை, தரைத்தளம், சமையலறை, வொர்திங்கில் கடலை ஒட்டி. இவ்வளவும் வைத்துத் தேடினால் பட்டியல் சுருங்கிவிடும். அதில் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் ஒரே கேள்விகளை எழுதி அனுப்பினேன்.

வாசலிலிருந்து தண்ணீர் வரை தொலைபேசியில் நடந்தபடியே ஒரு காணொளி எடுத்து அனுப்ப முடியுமா? இதுதான் முதல் கேள்வி. இதற்கு வந்த பதில்களிலேயே பாதிப் பட்டியல் போய்விட்டது. தெற்குக் கரை நெடுக ஏழாம் நெடுஞ்சாலை ஓடுகிறது. கடற்கரைக்கு இரண்டு நிமிட நடை என்று போட்டிருந்த வீடு ஒன்று அந்த வீதிக்கு மறுபக்கம். வாகனங்கள் நிற்காமல் போகும் வீதியில், நீச்சல் உடையோடு ஓடும் பிள்ளைகளையும் மெதுவாக நடக்கும் அம்மாவையும் தினமும் கடத்த வேண்டும். அதை விட்டோம். இன்னொரு வீட்டில் கடலுக்கு இறங்கச் செங்குத்தான படிகள், கைப்பிடி இல்லை. அம்மா இந்தத் தேடல் முழுவதும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “பிள்ளை, படி எத்தனை எண்டு கேட்டனியே?”

குளிர்சாதனம் எந்த அறைகளில், மின்சாரக் கட்டணம் வாடகையில் சேர்ந்ததா? பல வீடுகளில் படுக்கையறைக்கு மட்டும்தான் குளிர்சாதனம், சில இடங்களில் மின்சாரத்துக்குத் தனிக் கணக்கு. ஜன்னலுக்கு நுளம்பு வலை உண்டா? வொர்திங்குக்குப் பக்கத்திலேயே கிரேம் ஹால் சதுப்புநிலம் இருக்கிறது, தீவில் டெங்கும் உண்டு, அதனால் இதைக் கேட்டே ஆக வேண்டும். தண்ணீர் நின்றால் தொட்டி இருக்கிறதா? பார்படோஸ் நன்னீர் குறைந்த நாடு, குழாய் வற்றுவதும் உண்டு. வரும் தண்ணீரைக் குழாயிலிருந்தே குடிக்கலாம், சுண்ணாம்புப் பாறையில் ஊறி வடிந்த நல்ல நீர். இரவுச் சத்தம் எப்படி? செயிண்ட் லாரன்ஸ் கேப்பில் மதுக்கடைகளும் இசையும் நள்ளிரவைத் தாண்டும் என்பதால் அதற்கு மிக அருகில் இருந்தவற்றைத் தவிர்த்தோம். காட்டிய விலை எந்த டாலரில்? இரண்டு பார்படோஸ் டாலருக்கு ஒரு அமெரிக்க டாலர் என்பது 1975 முதல் மாறாத கணக்கு. இரண்டையும் வெறும் டாலர் என்றே சொல்வார்கள், கனடா டாலரில் கணக்குப் போடுகிற நமக்கு மூன்றாவது ஒன்றும் சேர்ந்துவிடும். வரியும் சேவைக் கட்டணமும் அந்த விலைக்குள் அடக்கமா என்பதையும் எழுத்தில் வாங்கினேன்.

ஒரு வீட்டுக்காரர் மிக நல்ல விலை சொன்னார். முழுத் தொகையையும் முன்பதிவுத் தளத்துக்கு வெளியே நேரடியாக வங்கிக்கு அனுப்ப வேண்டும் என்றார். படங்கள் அருமையாக இருந்தன, ஆனால் காணொளி கேட்டபோது இன்னும் சில படங்களே வந்தன. அந்த உரையாடலை அங்கேயே முடித்துக்கொண்டேன். கடைசியில் எடுத்த வீட்டின் உரிமையாளர் பெண் கேட்ட அன்றே காணொளி அனுப்பினார். தரை ஓடு, ஒரு சின்ன வேலிக்கதவு, சில அடி புல், பிறகு மணல். படி ஒன்றுகூட இல்லை. அம்மாவிடம் காட்டினேன். “இது காணும்” என்றார்.

ரொறன்ரோவிலிருந்து நேர் விமானத்தில் ஐந்து மணிநேரத்துக்குக் கொஞ்சம் கூட. விமான நிலையமும் தெற்கே கிறைஸ்ட் சர்ச் பகுதியில்தான் இருக்கிறது, வொர்திங்குக்கு இருபது நிமிடத்தில் வந்துவிட்டோம். ஹோல்டவுன் என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. வாடகை வண்டிகளில் மீட்டர் கிடையாது, அதனால் ஏறுமுன்பே கட்டணத்தைப் பேசிக்கொண்டோம்.

தண்ணீர் வரைபடத்தில் பார்த்தபடியே இருந்தது. காலையில் பிள்ளைகள் இடுப்பளவு நீரில் நிற்க, அம்மா நாற்காலியைக் கரையோரம் போட்டுக் காலை நனைத்துக்கொண்டு இருப்பார். சில மாலைகளில் ஹேஸ்டிங்ஸுக்கும் ராக்லிக்கும் இடையே கடலோரமாகப் போட்டிருக்கும் நடைபாதைக்குக் கூட்டிப்போனோம். மேடு பள்ளம் இல்லாத பாதை, ஆங்காங்கே உட்காரலாம். வீட்டைச் சுற்றி ஒரு அடிகூட நடக்க மறுக்கிற அம்மா அங்கே தானாகக் கிளம்பினார். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

சமையலறை எடுத்ததன் பலன் சந்தையில் தெரிந்தது. ஓய்ஸ்டின்ஸ் மீன் சந்தையில் பறவை மீன், சூரை எல்லாம் கிடைத்தன. வீதியோரக் கடையில் ஈரப்பலாக்காயைக் கண்டதும் அம்மா விலைகூடக் கேட்கவில்லை. ரொறன்ரோவின் ஸ்கார்பரோவிலிருந்து கொண்டுபோன மிளகாய்த்தூளில் அது கறியானது. பார்படோஸ்காரர்களும் ஈரப்பலாவை அவித்து, மசித்து விரும்பிச் சாப்பிடுகிறவர்கள்தான், அதனால் விற்ற அம்மாவும் எங்கள் அம்மாவும் வெகுநேரம் கையால் பேசிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை இரவு ஓய்ஸ்டின்ஸில் பொரித்த மீனுக்குக் கூடும் கூட்டத்துக்கு நாங்கள் நால்வரும் போனோம். அம்மா மரக்கறி சமைத்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார்.

கார் முழுநாட்களுக்கும் எடுக்கவில்லை. பேருந்தும், இசட்ஆர் என்று அழைக்கப்படும் வெள்ளை நிறத் தனியார் பயணிகள் வேன்களும் வீட்டு வாசலிலேயே போகின்றன. எந்தத் தூரத்துக்கும் மூன்றரை பார்படோஸ் டாலர். வேன்களில் இசை காதைப் பிளக்கும், நெருக்கியும் ஏற்றுவார்கள், அதனால் அம்மாவோடு போகும்போது அரசின் நீலப் பேருந்து. பத்ஷீபாவுக்கும் ஹாரிசன் குகைக்கும் மட்டும் கார் எடுத்தோம். அங்கே இடப்பக்கம் ஓட்ட வேண்டும். கொழும்பில் ஓட்டப் பழகிய கணவருக்கு அது சிரமமாக இருக்கவில்லை. ஆனால் உள்வீதிகள் மிக ஒடுக்கம், கனடாவில் மட்டுமே ஓட்டியவர்கள் முதல்நாள் கவனமாக இருக்க வேண்டும்.

கைக்குழந்தையோடு போகிறவர்கள், அல்லது அலை என்றாலே பயப்படும் பிள்ளை உள்ளவர்கள், காசு இடம்கொடுத்தால் ஹோல்டவுன் பக்கம் பார்க்கலாம். அங்கே மான்சினீல் மரங்களில் சிவப்பு வண்ணம் அடித்திருப்பார்கள். சின்னப் பச்சை ஆப்பிள் போன்ற அதன் காய் நஞ்சு, மழையில் அடியில் நின்றால்கூடத் தோல் வெந்துவிடும், பிள்ளைகளுக்கு முதல்நாளே காட்டிவிடுங்கள். மேற்குக் கரைக்கும் தெற்குக் கரைக்கும் நடுவே ஒரு தெரிவு வேண்டுமென்றால் பிரிட்ஜ்டவுனை ஒட்டிய கார்லைல் விரிகுடா. அமைதியான தண்ணீர், ஆமைகள் வரும். ஆனால் பயணக் கப்பல்கள் துறைமுகத்துக்கு வரும் நாட்களில் அந்தக் கரை நிறைந்துவிடும், ஆகவே வீடு எடுக்குமுன் உங்கள் திகதிகளில் எத்தனை கப்பல்கள் வருகின்றன என்று துறைமுக அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.