டீக்குள் விழுந்த க்ரீம்

அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் சேர்ந்து கடைசியாகப் பார்த்த படம் ‘அவ்வை சண்முகி’. 1996 தீபாவளி. அடுத்த வருடம் அவர்கள் பிரிந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அப்பாவின் டிவிஎஸ் 50 கேட்டுக்கு வெளியே நிற்கும், இரண்டு முறை ஹாரன் அடிப்பார், நான் ஓடுவேன். அவர் உள்ளே வரமாட்டார். படத்தில் கமலும் மீனாவும் சேர்ந்த மாதிரி இவர்களும் சேர்ந்துவிடுவார்கள் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் படத்துக்குத் தூண்டுதலான ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ படத்தை (1993) ஹாஸ்டலில் தோழியின் கம்ப்யூட்டரில்தான் பார்த்தேன். அதிலும் பிரிந்துபோன அப்பா ஒருவர், பிள்ளைகளோடு இருப்பதற்காக மிஸஸ் டவுட்ஃபயர் என்ற பாட்டியாக வேடம் போட்டு அந்த வீட்டுக்கே வேலைக்கு வருகிறார். ஆனால் அந்த அப்பாவும் அம்மாவும் கடைசி வரை சேரவில்லை. பள்ளி விட்டதும் அப்பா வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போகிறார், அவ்வளவுதான். படம் முடிந்தும் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகுதான் அந்தப் படம் உருவான கதையைத் தேடித் தேடிப் படித்தேன். முதலில் எழுதிய திரைக்கதையில் இருவரும் சேர்ந்துவிடுகிறார்களாம். அப்பாவாக நடித்த ராபின் வில்லியம்ஸ், அம்மாவாக நடித்த சாலி ஃபீல்ட், இயக்குநர் கிறிஸ் கொலம்பஸ் மூவருமே அது வேண்டாம் என்று நின்றிருக்கிறார்கள். பிரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொய்யான ஆசை காட்டக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். எனக்காகவே யாரோ பேசிய மாதிரி இருந்தது.

ஐசிங் காட்சி நினைவிருக்கிறதா? பாட்டி முகமூடி ஜன்னல் வழியே விழுந்து லாரியில் நசுங்கிவிடும். நீதிமன்றம் அனுப்பிய அதிகாரி அம்மா கூடத்தில் காத்திருப்பார். வேறு வழியில்லாமல் ஃபிரிட்ஜில் இருக்கும் கேக்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வருவார் ராபின். படப்பிடிப்பு விளக்குகளின் சூட்டில் க்ரீம் உருகி, சொட்டுச் சொட்டாக அந்த அம்மாவின் டீக்குள் விழுந்தது. யாரும் எழுதி வைத்ததில்லை அது. ராபின் நிறுத்தவே இல்லை, இதோ உங்களுக்குக் க்ரீமும் சர்க்கரையும் ஆயிற்று என்று அந்த நொடியிலேயே வசனமாக்கிவிட்டார். ஒவ்வொரு டேக்கிலும் இப்படி எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பார் என்பதால், எதிரில் நடிப்பவர்களின் முகத்தையும் தவறவிடாமல் பிடிக்கக் கொலம்பஸ் ஒரே நேரத்தில் பல கேமராக்களை ஓடவிட்டார். மேக்கப்புக்கு மட்டும் தினமும் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. ஆஸ்கர் அந்த மேக்கப்புக்குத்தான் கிடைத்தது. (நம் சண்முகி மாமிக்கு மேக்கப் போட்டதும் ஒரு ஹாலிவுட்காரர்தான், மைக்கேல் வெஸ்ட்மோர்.)

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஒரு கடிதம். மூத்த மகளாக நடித்த லிசா ஜாக்குப் என்ற பெண்ணை, ஷூட்டிங்குக்காக மாதக்கணக்கில் வராததால், அவள் படித்த பள்ளி இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. விஷயம் தெரிந்ததும், அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ராபினே பள்ளிக்கு எழுதினார். பள்ளி அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியது, பெண்ணை மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனாலும் தனக்காக ஒருவர் எழுதினாரே என்பதைத்தான் லிசா பல வருடம் கழித்தும் நன்றியோடு சொன்னார்.

போன ஞாயிறு என் மகளோடு மறுபடி பார்த்தேன். அவளுக்கு ஒன்பது வயது. கடைசியில் டிவியில் மிஸஸ் டவுட்ஃபயர், பெற்றோர் பிரிந்த ஒரு சிறுமியின் கடிதத்துக்குப் பதில் சொல்வாரே, அந்த இடத்தில் என் பக்கம் திரும்பினாள்.

“தாத்தா கேட்டுக்கு வெளிய நின்னு ஹாரன் அடிப்பார்னு சொல்வியேம்மா, அது மாதிரியா?”

ஆமாம் என்றேன். அப்புறம் அப்பாவுக்குப் போன் போட்டு அவளிடம் கொடுத்தேன்.