தமிழ்ப் பெயரோடு ஒரு செயலிக் கடைக்குள் நுழைந்த அனுபவம்

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் தட்டச்சுப் பழகுவதற்காக நான் எழுதிய சிறு செயலி சென்ற வாரம் ஒருவழியாக வெளிவந்துவிட்டது. செயலியை எழுதியதைவிட அதைக் கடைக்குள் கொண்டுசேர்த்ததுதான் என்னை அதிகம் களைப்படையச் செய்தது. சிங்கப்பூரிலிருந்து, அதிலும் தமிழ்ப் பெயரோடு, இந்த வழியில் போகவிருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன். அந்தக் கடையை நடத்தும் இயங்குதள நிறுவனத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை.

தொழில்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் தனியுரிமைத் தொழிலாகப் பதிந்ததில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் வழியாக நுழைந்து 115 வெள்ளி கட்டியதும் தொழிலின் அடையாள எண்ணான யூஇஎன் கிடைத்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு முகவரியைப் பயன்படுத்துவதற்கான அனுமதியும் இணையத்திலேயே முடிந்தது.

சிக்கல் நிரலாளர் கணக்கைத் திறக்கும்போதுதான் தொடங்கியது. என் அடையாள அட்டையில் என் பெயருக்கும் தந்தையின் பெயருக்கும் நடுவே 'எஸ்/ஓ' (இன்னாரின் மகன் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று இருக்கிறது. இங்குள்ள தமிழர்கள் பலருக்கு அப்படித்தான். படிவத்திலோ இயற்பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். இரண்டிலும் சாய்கோட்டுக்கு அனுமதி இல்லை. சாய்கோட்டை விட்டுவிட்டு எழுதினால், அட்டையின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். முகவரியும் இதே கதைதான். மாடி எண்ணுக்கு முன்னால் நாம் போடும் வேலிக்குறியைப் (#) படிவம் தானாகவே நீக்கிவிடுகிறது, ஆனால் அக்ராவின் நிறுவன விவரத் தாளில் அந்தக் குறி இருக்கிறது. மாநிலம் எது என்ற கட்டாயக் கேள்விக்குச் சிங்கப்பூர்க்காரர் என்ன பதில் எழுதுவது என்று எங்கும் விளக்கம் இல்லை.

இவற்றில் எது தவறு என்று ஒருமுறையாவது சொல்லியிருந்தால் நான் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன். திருப்பி அனுப்பப்பட்ட ஒவ்வொரு முறையும் வந்தது ஒரே பத்திதான்: கொடுத்த தகவலைச் சரிபார்க்க இயலவில்லை, ஆவணங்களைச் சரிபார்த்து மீண்டும் அனுப்பவும். எந்தக் கட்டம் என்ற குறிப்பு இல்லை, அழைத்துப் பேசத் தொலைபேசி எண் இல்லை, மீண்டும் அனுப்பினால் வரிசையின் கடைசியிலிருந்து காத்திருக்க வேண்டும்.

வழி கிடைத்தது கடவுச்சீட்டில். அதன் விவரப் பக்கத்தின் அடியில் இயந்திரம் வாசிப்பதற்கென்று இரண்டு வரிகள் உள்ளன. அனைத்துலக விதிப்படி அவ்வரிகளில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் எண்களும் ஒரு நிரப்புக் குறியும் மட்டுமே இடம்பெற முடியும். சாய்கோடு வரவே வராது. அடையாள அட்டையை விட்டுவிட்டுக் கடவுச்சீட்டைப் பதிவேற்றி, அந்த வரிகளில் உள்ளபடியே பெயரை எழுதி அனுப்பினேன். மறுநாளே ஏற்றுக்கொண்டார்கள். பெயரில் சாய்கோடு உள்ளவர்கள் முதலிலேயே இதைச் செய்துவிடுங்கள். முகவரிக்கு, நிறுவன விவரத் தாளோடு, வேலிக்குறி இல்லாமல் முகவரி அச்சிடப்பட்ட ஒரு வங்கிக் கடிதத்தையும் சேர்த்து அனுப்புங்கள். மாநிலக் கட்டத்தில் நான் சிங்கப்பூர் என்றே எழுதினேன். அதற்கு மறுப்பு வரவில்லை.

காத்திருந்த நாள்களில், இந்த நிறுவனங்கள் நிரலாளர்களை எப்படிச் சம்பாதிக்கின்றன, எப்படி இழக்கின்றன என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். பணத்தால் ஆகும் என்று நம்பியவர்கள் உண்டு. கைப்பேசி நிறுவனமான பிளாக்பெர்ரி தன் இயங்குதளத்தின் பத்தாம் பதிப்புக்காக, சான்று பெற்ற ஒரு செயலி முதலாண்டில் குறைந்தது 1,000 அமெரிக்க டாலர் ஈட்டினால் 10,000 டாலருக்குக் குறையும் தொகையைத் தானே தருவதாக அறிவித்தது. ஆயினும் 2015இல் அந்த நிறுவனமே ஆண்ட்ராய்டு கைப்பேசியை விற்க நேர்ந்தது. ஆப்பிள் 2021 ஜனவரியில், ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டாதவர்களுக்கு, செயலி விற்பனையில் தான் எடுக்கும் தரகை 30 விழுக்காட்டிலிருந்து 15ஆகக் குறைத்தது. கூகுளும் அவ்வாண்டு ஜூலை முதல், ஈட்டும் முதல் 10 லட்சம் டாலருக்கு அதே விழுக்காட்டைக் கொண்டுவந்தது. விற்றுப் பிழைப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி என்பதில் ஐயமில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தரும் ஒரு தமிழ்ச் செயலிக்குத் தரகுக் குறைப்பால் ஒரு பயனும் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது, தவறு எது என்று சொல்ல ஒரு மனிதர்.

எழுதியதைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி எழுது என்று சொல்வது இன்னொரு வகை இழப்பு. 1997இல் ஆப்பிள் தன் அடுத்த இயங்குதளத்துக்காகப் பழைய மென்பொருள்களைப் புதிதாக எழுதச் சொன்னபோது அடோபி, மைக்ரோசாஃப்ட் போன்ற பெரியவர்கள் இணங்கவில்லை. மறு ஆண்டே, பழைய நிரல்களை ஓரளவு திருத்திக் கொண்டுவர உதவும் கார்பன் என்ற வழியை அந்த நிறுவனம் அறிவிக்க வேண்டியதாயிற்று. 2012இல் வந்த, மைக்ரோசாஃப்டின் கைப்பேசி இயங்குதளமான விண்டோஸ் ஃபோன் 8ஐ, அதற்கு முந்தைய பதிப்பில் ஓடிய கைப்பேசிகளில் நிறுவ முடியாமல் போனபோது, அந்த மேடையை நம்பி எழுதியவர்களுக்கு அது பெரிய அடி. அடோபி மறுத்தால் தலைமையகத்தில் கூட்டம் கூடும். வீவக வீட்டில் உட்கார்ந்து தமிழுக்கு எழுதும் ஒருவர் விலகிப்போனால் யாருக்கும் தெரியாது. கடையில் ஒரு தமிழ்ச் செயலி குறையும், அவ்வளவுதான். இதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது.

கணக்கு திறந்தபின் செயலியின் மதிப்பாய்வு. அங்கும் முதலில் மறுப்பு வந்தது, ஆனால் காரணத்தோடு வந்தது: ஒரு விசையை அழுத்தினால் திரையில் ஒன்றும் நிகழவில்லை. காரணத்தைப் படித்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. தமிழ்99இல் 'க' விசையை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்து 'க்க' ஆகும். புள்ளி வேண்டாம் என்றால் நடுவே 'அ' விசையைத் தட்ட வேண்டும். அந்த 'அ' விசையைத் தட்டும்போது திரையில் எதுவும் மாறாது. மதிப்பாய்வாளர் 'க', 'அ' என்று தட்டிவிட்டு விசை பழுதானது என்று முடிவு செய்திருக்கிறார். தமிழ் தெரியாதவர் வேறென்ன நினைப்பார்?

தட்டும் விரலும் திரையும் ஒருசேரத் தெரியும்படி ஒரு காணொளி எடுத்து, விதியை ஆங்கிலத்தில் சுருக்கமாக விளக்கி மேல்முறையீடு செய்தேன். இம்முறை ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். காணொளியைப் பார்த்தபடியே, பிற மொழி விசைப்பலகைகளிலும் இப்படி உண்டா என்று பொறுமையாகக் கேட்டார்; இனி வரும் பதிப்புகளுக்கும் உதவும் என்று என் விளக்கத்தை மதிப்பாய்வுக் குறிப்பில் நிரந்தரமாகச் சேர்த்துவிடச் சொன்னார். அன்று மாலையே செயலி கடையில் ஏறிவிட்டது. அவ்வளவு நாள் சேர்ந்திருந்த கசப்பில் பாதியை அந்த ஓர் அழைப்பு கரைத்தது என்பதை மனமாரச் சொல்கிறேன்.

தமிழ் உள்ளீடு தொடர்பான செயலி எழுதுவோர் அனைவரும் இந்தக் காணொளியை முதல் விண்ணப்பத்தோடே இணைத்துவிடுங்கள். ஐஃபோனில் பிறர் எழுதிய விசைப்பலகைகளுக்கே 2014இல் ஐஓஎஸ் 8 வந்த பிறகுதான் இடம் கிடைத்தது. ஆண்ட்ராய்டு 2009லேயே கதவைத் திறந்திருந்தது. இரண்டிலும் இப்போது கதவு திறந்தே இருக்கிறது, ஆனால் உள்ளே இருப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சாய்கோட்டைப் படிவம் ஏற்க வேண்டும் என்று அந்த நிறுவனத்துக்கு முறையாக எழுதியிருக்கிறேன். உரிய குழுவுக்கு அனுப்பியிருப்பதாகப் பதில் வந்துள்ளது. பாதிக்கப்பட்ட மற்றவர்களும் தங்கள் கணக்கிலிருந்து எழுதினால் நல்லது. ஒரே குறையைப் பலர் எழுதும்போது அதைத் தனி ஒருவரின் தொல்லை என்று ஒதுக்க முடியாது.