நூறு தெனாரியம்

தேவகோட்டைப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கில் நான் குருவாக இருந்தபோது, சனிக்கிழமை மாலை கிளைக் கிராமத்தில் பூசை. ஞாயிறு பூசைக்கு எழுதிய மறையுரையை, அதாவது பிரசங்கத்தை, முதலில் அங்கேதான் சொல்வேன்.

அந்த வாரம் மத்தேயு நற்செய்தி, 18-ஆம் அதிகாரம். அரசரிடம் பட்ட பத்தாயிரம் தாலந்து கடன் தள்ளுபடியான பணியாளர், தன்னிடம் நூறு தெனாரியம் கடன்பட்டவனின் கழுத்தை நெரிக்கிற உவமை. வட்டியும் பேரேடும் பழகிய ஊர்கள் இவை. சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள் என்று நம்பினேன். "அந்த நூறு தெனாரியம் அற்பக் காசு. அதைக்கூட விட மனசு வரல" என்று அழுத்தியே சொன்னேன்.

பூசை முடிந்து திருவுடையை மடித்துக்கொண்டிருந்தேன். எப்போதும் தூணோரம் பாயில் உட்காரும் ஆத்தா வாசலில் வந்து நின்றார்.

"சாமி, ஒரு தெனாரியம்னா எம்புட்டு?"

"ஒரு நாள் கூலி ஆத்தா."

"அப்ப நூறு நாள் வேலைக்குப் போயி, வருசம் பூரா கண்மாயில மண்ணு வெட்டுற காசு. அதுவா சாமி அற்பம்?"

முந்தானையைப் பிடித்திருந்த கையில் மண்வெட்டிக் காய்ப்பு தடித்துக் கிடந்தது. அண்ணன் மகனுக்கு அவ்வளவு தொகையைக் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறார். வாங்கிக்கொண்டு திருப்பூர் போனவன் வீட்டுப் பக்கமே வரவில்லை.

என்னிடம் பதில் இல்லை. ஒரு தாலந்துக்கு 6,000 தெனாரியம். பத்தாயிரம் தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. குருமடத்தில் படித்த கணக்குதான். அந்தப் பெரிய எண்ணை வைத்து இந்தச் சின்ன எண்ணைத் தட்டிவிட்டேன். இயேசு அதை அற்பம் என்று எங்கும் சொல்லவில்லை; அது நானாகச் சேர்த்த சொல். உழைத்த காசை விடுவது வலிக்கும் என்று தெரிந்தேதான் அவர் விடச் சொல்கிறார். அந்த வலியை மறைத்துவிட்டுப் பீடத்தில் நின்று மன்னிப்பைப் போதித்தால், கேட்பவர் தன் மனசில்தான் ஏதோ கோளாறு என்று வீட்டுக்குப் போவார். அப்படி எத்தனை பேரை அனுப்பினேனோ.

மறையுரை 8 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024-இல் சொன்னார். நல்ல அறிவுரை. அந்த எட்டு நிமிடத்துக்கு நான் வெள்ளிக்கிழமை வரை விளக்கவுரைகளை மட்டுமே புரட்டிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு திங்களன்றே வாசகத்தை மனசில் வாங்கிக்கொண்டு, வீடு சந்திக்கப் போகையில் கூடவே எடுத்துப் போனேன்.

ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்று. அதே நற்செய்தி திரும்பி வந்தபோதும் நான் அதே பங்கில்தான் இருந்தேன். அன்று மறையுரையைக் கண்மாய் வேலையிலிருந்து தொடங்கினேன். நூறு நாள், நூறு கூலி. ஆத்தா தூணோரம் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், "பணம் வந்துச்சா ஆத்தா?" என்றேன்.

"எங்க சாமி. போன பொங்கலுக்கு அவன் மகளுக்குப் பாவாடை சட்டை எடுத்துக் குடுத்துவிட்டேன்."