ஆபீஸ் முடிந்த கையோடு ஊருக்குக் கிளம்ப வேண்டாம்

பொங்கல் நெருங்கினால் எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சுதான். "எப்போ கிளம்புறீங்க?" பாதிப் பேர் சொல்லும் பதிலும் ஒன்றுதான். "நைட்டு ஆபீஸ் முடிச்சுட்டு அப்படியே கிளம்பிடுவோம். ரோடு காலியா இருக்கும், பிள்ளைங்க தூங்கிடும், காலையில ஊர்ல போய்க் காபி குடிக்கலாம்."

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. காலையில் ஏழு மணிக்கு எழுந்து, நாள் முழுக்க வேலை பார்த்து, பெட்டி கட்டி, ராத்திரி பத்து மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார் ஒருவர். தாம்பரம், பெருங்களத்தூர், கிளாம்பாக்கம் என்று ஊர்ந்து செங்கல்பட்டைத் தாண்டவே பன்னிரண்டு ஆகிவிடும். திருச்சிக்குப் போய்ச் சேரும்போது மணி நாலு. அப்போது அவர் கண் விழித்து 21 மணி நேரம் ஆகியிருக்கும். அதற்கு மேல் மதுரை வரைக்கும் நேர்கோடு போட்டதுபோல நாலு வழிச்சாலை. திருப்பம் கிடையாது, சிக்னல் கிடையாது, விழிக்க வைக்க ஒன்றுமே கிடையாது.

என் அப்பா அரசு விரைவுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் ராத்திரி டூட்டி பார்த்தே தலை நரைத்தது. வேகத்தைப் பற்றியோ குடித்துவிட்டு ஓட்டுவதைப் பற்றியோ அவர் எங்களிடம் அதிகம் சொன்னதில்லை. அதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதா என்பது அவர் எண்ணம். தூக்கத்தைப் பற்றித்தான் ஓயாமல் சொல்வார். "பன்னெண்டு மணிக்கு வர்ற தூக்கம் வேறம்மா, நாலு மணிக்கு வர்ற தூக்கம் வேற. பன்னெண்டு மணித் தூக்கம் சொல்லிட்டு வரும். நாலு மணித் தூக்கம் சொல்லாம வரும்."

மருத்துவர்கள் சொல்வதும் இதேதான். ராத்திரி இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் உடம்பு தானாகவே தூக்கத்துக்குப் போகும். வண்டி ஓட்டுகிறோமா, படுத்திருக்கிறோமா என்பது அதற்குத் தெரியாது. கண் திறந்தே இருக்கும், மூளை மட்டும் இரண்டு மூன்று நொடி அணைந்து மீளும். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிற கார் ஒரு நொடியில் 28 மீட்டர் ஓடிவிடும். மூன்று நொடி என்றால் 80 மீட்டருக்கு மேல், யாருமே ஓட்டாத கார் அது.

பாட்டைச் சத்தமாக வைப்பது, ஏசியைக் கூட்டுவது, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்வது எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். கடைசியாகத் தாண்டிய ஊர் எது என்று யோசித்து நினைவுக்கு வரவில்லையா, சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டில் டயர் ஏறி ஏறி இறங்குகிறதா, அப்போதே நிறுத்திவிட வேண்டும். பெட்ரோல் பங்கிலோ டோல்கேட்டை ஒட்டிய இடத்திலோ வண்டியைப் போட்டு, ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். காபி வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். எழும்போது இரண்டும் சேர்ந்து உதவும். ஆனால் இது பக்கத்து ஊர் வரை போய்ச் சேர்வதற்கான வழி. விடிய விடிய ஓட்டுவதற்கான வழி இல்லை.

நிறுத்துகிறேன் என்று நெடுஞ்சாலை ஓரத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள். பின்னால் விளக்கே எரியாமல் இடது ஓரம் நிற்கிற லாரியில் கார் போய்ச் செருகிய செய்தி இல்லாத பண்டிகை உண்டா? ஓரத்தில் நிற்கிற உங்கள் காரும் பின்னால் தூக்கக் கலக்கத்தில் வருகிறவருக்கு அப்படி ஒரு லாரிதான்.

நாங்கள் போவது மேடவாக்கத்திலிருந்து கோவில்பட்டிக்கு, 550 கிலோமீட்டருக்கு மேல். நானும் என் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றி ஓட்டுவோம். முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கே படுத்துவிட்டுக் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால், சாப்பிட்டு, இளைப்பாறி, சாயங்காலத்துக்குள் ஊர் போய்ச் சேரலாம். பண்டிகை நேரத்தில் தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் போகாமல் கார்கள் கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகும்படி அரசே அறிவிக்கும். எங்கள் வீட்டிலிருந்து அது வசதியும்கூட. ஒரு நாள் லீவு கூடுதலாகப் போகும்தான், போகட்டும். முன் சீட்டில் பக்கத்தில் உட்காருகிறவர் தூங்கக் கூடாது என்பது எங்கள் காரில் சட்டம். பேருந்தில் அப்பா பழகிய வழக்கம் அது.

பகலில் போனால் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். மார்கழிக் கடைசியில் மதுராந்தகம், திண்டிவனம் பக்கம் ஏரியும் வயலுமாக இருக்கிற இடங்களில் காலை எட்டு மணி வரைக்கும்கூடப் பனி மூட்டம் நிற்கும். போகி அன்று என்றால் புகையும் சேர்ந்துகொள்ளும். பலர் அந்த நேரத்தில் ஹை பீம் போடுகிறார்கள். வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். லோ பீம்தான் சரி. நாலு இண்டிகேட்டரையும் மினுக்கிக்கொண்டே ஓடுவதும் தப்பு. நிற்கிறீர்களா, போகிறீர்களா, எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் புரியாது.

அப்புறம், நடந்து போகிறவர்கள். எங்கள் பக்கத்தில் தைப்பூசத்தை ஒட்டிப் பச்சை உடுத்தித் திருச்செந்தூருக்கு நடப்பார்கள். சாத்தூர், கோவில்பட்டி வழியில் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். திண்டுக்கல் பக்கம் பழனி பாதயாத்திரை. வெயிலுக்குப் பயந்து இவர்கள் ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் நடக்கிறார்கள். கரும்பச்சை வேட்டி இருட்டில் சுத்தமாகத் தெரியாது. லோ பீம் வெளிச்சம் நாற்பது ஐம்பது மீட்டர் வரைக்கும்தான் நன்றாகத் தெரியும். 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார், காய்ந்த சாலையிலேயே நிற்க 80 மீட்டருக்கு மேல் எடுக்கும். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணில் பட்ட பிறகு பிரேக் போட்டு என்ன பயன்? தை மாதத்தில் அந்த வழிகளில் இருட்டு நேரத்தில் அறுபதைத் தாண்டாமல் போவது ஒன்றுதான் வழி.

நடக்கிறவர்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால், ஒளிரும் பட்டையை வாங்கிப் பையின் பின்பக்கமும் வேட்டியின் கீழ் ஓரத்திலும் தைத்துக் கொடுங்கள். காவல்துறை சில இடங்களில் ஒட்டிவிடுகிறது, ஆனால் எல்லா இடத்திலும் அவர்கள் நிற்க முடியாது. கூட்டத்தில் கடைசியாக நடக்கிறவர் கையில் டார்ச் இருக்கட்டும்.

மதுரையைச் சுற்றி இந்த நாட்களில் இன்னும் ஒன்று உண்டு. பொங்கல் அன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர். ஜல்லிக்கட்டுக் காளைகளை ஏற்றிக்கொண்டு குட்டியானை வண்டிகள் ராத்திரி முழுக்க ஓடும். மேலூர்ப் பக்கம் கரும்புக் கட்டோடு டிராக்டர்கள் வரும். கரும்பு பின்னால் நீட்டிக்கொண்டு இருக்க, அதன் பின்விளக்கு அதற்குள்ளேயே மறைந்திருக்கும். இவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வருஷத்தில் அவர்களுக்குக் காசு வருகிற நாலு நாள் அது. நாம்தான் தள்ளிப் போக வேண்டும்.

பின் சீட்டுக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 செப்டம்பரில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்தபோது அவர் பின் சீட்டில், பெல்ட் போடாமல் இருந்தார். அந்த ஒரு வாரம் எல்லோரும் பேசினோம், பிறகு மறந்துவிட்டோம். ஊருக்குப் போகிற கார்களில் இன்றும் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் பின்னால் பெல்ட் இல்லாமல்தான் உட்காருகிறார்கள். முன் சீட்டில் மடியில் குழந்தை வேறு. ஏர்பேக் விரிகிற வேகத்தை அந்தச் சின்னக் கழுத்து தாங்காது. என் அத்தை முதலில் "மூச்சு முட்டுது" என்றார்கள். சேலைக்கு மேல் வயிற்றை அழுத்தாமல், இடுப்பு எலும்பின் மேல் பட்டையை இறக்கிவிட்டேன். இப்போது கார் நகர்வதற்கு முன்னால் அவர்களே போட்டுக்கொள்கிறார்கள்.

திரும்பும்போது அம்மா வீட்டுச் சுமை சேர்ந்துகொள்ளும். அரிசி, தேங்காய், உளுந்து, கருப்பட்டி, அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். முழுச் சுமைக்கு டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்று ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் தாளிலேயே போட்டிருக்கும். டயர் சூடாவதற்கு முன், கிளம்புகிற இடத்துப் பங்கிலேயே அந்த அளவுக்குப் பிடித்துக்கொள்ளுங்கள். தேங்காயை டிக்கியில் வையுங்கள், பின் சீட்டுக்கு மேலே வேண்டாம். காணும் பொங்கல் ராத்திரி திரும்புவதும் கூடாது. மொத்தத் தென்மாவட்டமும் அன்றைக்குத்தான் சென்னைக்குத் திரும்புகிறது, எல்லோரும் களைத்துப்போய்.

விபத்தைப் பார்த்தால் நிறுத்தப் பலர் பயப்படுகிறார்கள். போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமோ என்று. உதவ வந்தவரை வற்புறுத்தவோ பெயர் கேட்டு நெருக்கவோ கூடாது என்ற விதிமுறைகளை 2016-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் அந்தப் பாதுகாப்பு 134ஏ என்ற பிரிவாகவே வந்துவிட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேர இலவசச் சிகிச்சைக்கு அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கினார்கள். திட்டத்தில் சேர்ந்திருக்கும் தனியார் மருத்துவமனைக்கும் போகலாம்.

108-க்கோ, நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கோ அழைத்தால் முதலில் கேட்பது இடம். "திருச்சி தாண்டி எங்கேயோ" என்றால் ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் வரும்? சாலை ஓரத்தில் இருக்கிற கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும், எந்த ஊரை நோக்கிப் போகிற பக்கம் என்பதையும் சொல்லுங்கள். நடுவில் அரளிச்செடி வைத்த தடுப்பு இருப்பதால், பக்கம் மாறினால் அடுத்த திருப்பம் வரைக்கும் போய்ச் சுற்றி வர வேண்டியிருக்கும். எங்கள் சின்னவள் துவரங்குறிச்சியிலிருந்து கிலோமீட்டர் கல்லை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவாள். அலைபேசி கேட்டு அழாமல் இருக்கப் பழக்கிய விளையாட்டு. நாங்கள் எந்தக் கல்லைத் தாண்டினோம் என்பது எப்போதும் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது.