கோட்டுக்குக் கீழே எவ்வளவு ஆழம்?

2025 ஜூனில் உலக வங்கி, கடும் வறுமைக்கான கோட்டை நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக உயர்த்தியது. நாடுகளுக்கிடையேயான 2021ஆம் ஆண்டின் விலை ஒப்பீடுகளும், ஏழை நாடுகள் தமக்கென வகுத்துக்கொண்ட தேசிய வறுமைக் கோடுகளும் அதற்கு அடிப்படை. திருத்தம் நியாயமானது என்றே கருதுகிறேன். ஆனால் கோட்டை எங்கே வரைவது என்பதற்குக் கிடைக்கும் கவனம், அதற்குக் கீழே இருப்பவர்களை எவ்வாறு கணக்கிடுகிறோம் என்பதற்குக் கிடைப்பதில்லை.

செய்திகளில் வருவது பெரும்பாலும் தலைக்கணக்கு, அதாவது கோட்டுக்குக் கீழே எத்தனை பேர் என்ற எண்ணிக்கை. அதில் நாளுக்கு 2.90 டாலர் செலவிடுபவரும் ஒரு டாலரில் காலந்தள்ளுபவரும் சமம். இரண்டாமவரின் வருவாய் இருமடங்கானாலும் கணக்கு அசையாது. அதைவிடக் கொடுமை, அவரிடமிருந்து பத்து சென்டைப் பிடுங்கி முதலாமவரிடம் கொடுத்தால், முதலாமவர் கோட்டை எட்டிவிடுவார். வறுமை குறைந்துவிட்டதாகவே பதிவாகும். இந்தக் குறையை அமர்த்திய சென் 1976இல் சுட்டிக்காட்டினார். 1984இல் ஃபாஸ்டர், கிரீர், தோர்பெக் ஆகிய மூன்று பொருளியலாளர்கள், ஒவ்வொருவரும் கோட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கிறார் என்று அளந்து, அந்த இடைவெளியை அதனாலேயே பெருக்கி (வர்க்கமாக்கி) கூட்டும் வழியைத் தந்தனர். மிகவும் நலிந்தவரின் குறைக்கு அதில் மிகுந்த எடை உண்டு. இத்தகைய அளவு கையில் இருந்தும், இலக்கு தலைக்கணக்காகவே இருக்கும்வரை, விளிம்பில் நிற்பவர்களை மட்டும் மேலேற்றிவிட்டு வெற்றியை அறிவிக்கும் ஆசை எந்த அரசுக்கும் எழும்.

பசியை அளப்பது இன்னும் கடினம். செலவுக் கணக்கெடுப்பு குடும்பத்தின் மொத்த நுகர்வை ஆட்களின் எண்ணிக்கையால் வகுப்பதால், அனைவருக்கும் பரிமாறிவிட்டு எஞ்சியதை உண்ணும் பெண்ணின் பெயரிலும் சமபங்கு ஏறிவிடுகிறது. 2024இல் உலகில் ஏறத்தாழ 67 கோடிப் பேர் பசியில் வாடியதாக ஐ.நா. அமைப்புகள் கூறும் எண், நாடுகளில் கிடைக்கும் உணவின் அளவையும் அது பகிரப்படும் விதத்தையும் கொண்டு மதிப்பிடப்பட்டது. உலகப் போக்கை அறிய அது தேவைதான். ஆயினும் எந்த வீட்டில் எவர் பட்டினி என்று அதனால் சொல்ல இயலாது. உடலை அளந்தால் அது தெரியவரும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேல் கையின் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால், அக்குழந்தை கடுமையான ஊட்டக்குறைவில் இருக்கிறது. வண்ணங்கள் குறித்த ஒரு நாடாவால் தாயே இதை அளந்துவிடலாம். வேறு நோய்ச் சிக்கல் இல்லாவிட்டால், நிலக்கடலைப் பசையாலான சிகிச்சை உணவைக் கொண்டு வீட்டிலேயே குழந்தையைத் தேற்றவும் முடிகிறது. அளவும் நிவாரணமும் இவ்வளவு நெருங்கி நிற்கும் இடம் வேறில்லை என்பேன்.

திட்டங்களிலும் இந்த நெருக்கம் சாத்தியமே. 1997இல் மெக்சிகோ, குழந்தைகளின் பள்ளி வருகையையும் மருத்துவப் பரிசோதனையையும் நிபந்தனையாக்கித் தாய்மாரிடம் பணம் கொடுத்தபோது, எந்தக் கிராமங்களில் முதலில் தொடங்குவது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, காத்திருந்த கிராமங்களோடு ஒப்பிட்டுப் பலனை அளந்தது. பின்னர் ஆட்சிகள் மாறியபோதும் திட்டம் பல ஆண்டுகள் நீடித்ததில் அந்தச் சான்றுகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

இந்நிலையில், 1984 முதல் 90க்கும் மேற்பட்ட நாடுகளில் குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் பதிவுசெய்ய உதவிவந்த மக்கள்தொகை, உடல்நலக் கணக்கெடுப்புத் திட்டத்துக்கான நிதியை அமெரிக்கா 2025 தொடக்கத்தில் நிறுத்தியது எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது. கணக்கெடுப்புக்கான செலவை உணவுக்கு அடுத்த நிலையில் வைத்து, நெருக்கடி வந்ததும் வெட்டிவிடக் கூடாது. ஏழை நாடுகளின் புள்ளியியல் துறைகளுக்கு நிலையான நிதியை அந்தந்த அரசுகளும் கொடையாளர்களும் சேர்ந்து ஒதுக்க வேண்டும்.