ஆயில் பேன் தனியாக வருவதில்லை

பழைய டிரக்கில் வேறு இன்ஜின் ஏற்றுகிறவர்கள் குதிரைத்திறனைப் பற்றிப் பேசுவார்கள், கியர்பாக்ஸைப் பற்றிப் பேசுவார்கள், வயரிங்கைப் பற்றி விடிய விடியப் பேசுவார்கள். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் பேன் ஞாபகத்துக்கு வருவது இன்ஜின் சங்கிலியில் தொங்கும்போதுதான். "அண்ணே, கீழே கிராஸ்மெம்பர்ல இடிக்குது, இதுக்கு என்ன பேன் போடலாம்?" என்று அப்போது போன் வரும். கிராஸ்மெம்பர் என்பது வண்டிச் சட்டத்தின் குறுக்குக் கட்டை. இந்த மாதிரி வேலைகளுக்கு உதிரிபாகம் தேடிக் கொடுப்பதுதான் என் தொழில். இத்தனை வருடத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த பாகம் எது என்று கேட்டால், தயங்காமல் ஆயில் பேன் என்றுதான் சொல்வேன்.

கேட்பவர்கள் முதலில் சொல்வது வண்டியின் வருடத்தை. "1970 செவர்லே டிரக், 350 இன்ஜின், அதுக்கு ஒரு பேன்." வண்டியின் வருடம் எனக்கு வேண்டும்தான், ஆனால் அது இரண்டாவது கேள்வி. ஐம்பது வருடம் ஓடிய வண்டியில் கம்பெனி வைத்த இன்ஜினே இன்னும் இருக்கிறது என்று எந்த நம்பிக்கையில் பேன் தேடுவது?

செவர்லேயின் ஸ்மால் பிளாக் வி8 இன்ஜின் 1955-இல் வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் அந்த வரிசையில் எல்லா பேனும் எல்லா பிளாக்குக்கும், அதாவது இன்ஜினின் உடல் வார்ப்புக்கும், பொருந்தும் போலத்தான் தோன்றும். ஆனால் ஆயில் அளவைப் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக் 1979 வரை இடது பக்கம், அதாவது அமெரிக்க வண்டியில் டிரைவர் பக்கம். 1980 முதல் வலது பக்கம். முன்னால் டைமிங் செயினை மூடும் கவருக்குக் கீழே வரும் ரப்பர் சீல் 1974 வரை மெல்லியது, 1975 முதல் தடிமனானது. 1986-இல் கிராங்க்கின், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின், பின்பக்க சீலே இரண்டு துண்டிலிருந்து ஒரே வளையமாக மாறியது, அதோடு பேனின் பின் வளைவும் மாறிவிட்டது. ஆக, 1970 வண்டிக்குள் 1987 இன்ஜின் உட்கார்ந்திருந்தால், 1970-க்கான பேனை வாங்கி வந்து ஒரு பயனும் இல்லை. டிப்ஸ்டிக் பக்கமும் சேராது, பின்பக்கமும் சேராது.

அதனால் நான் போனிலேயே சொல்லிவிடுவேன்: பிளாக்கின் பின்னால், கியர்பாக்ஸை இன்ஜினோடு இணைக்கும் பெல் ஹவுசிங் சேரும் விளிம்பில், இடது பக்கமாக வார்ப்பு எண் இருக்கும். அழுக்கைச் சுரண்டி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அப்புறம் டிப்ஸ்டிக் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். ஒற்றை வளைய சீல் உள்ள பிளாக்கில் அடாப்டர் வைத்துப் பழைய கிராங்க் போட்டிருப்பார்கள், அதுவும் உண்டு. அப்போதும் பேன் பிளாக்கைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், கிராங்க்கைப் பார்த்து அல்ல.

இப்போது வருகிற வேலைகளில் பெரும்பகுதி வேறு ரகம். 1999 மாடலிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் டிரக்குகளில் வந்த 4.8, 5.3, 6.0 லிட்டர் வி8 இன்ஜின்களைக் கழற்றி, 1967 முதல் 72 வரையிலான செவர்லே சி10 பிக்கப் போன்ற வண்டிகளில் ஏற்றுகிறார்கள். நல்ல இன்ஜின், நியாயமான ஆசை. சிக்கல் அடியில்தான். டிரக் இன்ஜினோடு வரும் பேன் ஆழமான அலுமினிய வார்ப்பு. பழைய சட்டத்தில் உட்கார்ந்தால் கிராஸ்மெம்பருக்கும் கீழே இறங்கித் தொங்கும். வண்டியைத் தாழ்த்தியும் வைத்திருந்தால் ரோட்டில் முதல் அடி வாங்குவது அதுதான். தீர்வாகப் பலரும் போவது 1998 முதல் 2002 வரை கமாரோ, ஃபயர்பேர்டு கார்களில் வந்த ஆழம் குறைந்த பேன். இந்த வி8 இன்ஜின்களை மூன்றாம், நான்காம் தலைமுறை என்பார்கள்; அவற்றுக்குள் இப்படி மாற்றிக்கொள்ளலாம். 2014-இல் டிரக்குகளுக்கு வந்த ஐந்தாம் தலைமுறை வேறு இன்ஜின், அதன் பேன் இதற்கு ஏறாது.

சரி, பேன் கிடைத்துவிட்டது, வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். என்னைப் பொறுத்தவரை அங்கேதான் தேடலே தொடங்குகிறது. ஆழம் மாறினால் ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் குழாய் மாற வேண்டும். குழாய் மாறினால் அதைத் தாங்கும் பிராக்கெட், கிராங்க்குக்குக் கீழே இருக்கும் தெறிப்புத் தடுப்புத் தகடு, டிப்ஸ்டிக், அதன் குழாய் எல்லாம் சேர்ந்து மாறும். ஃபில்டரும் பேனிலேயே உட்காருகிறது. 2007-ஐ ஒட்டி அதன் மரை அங்குல அளவிலிருந்து மெட்ரிக்குக்கு மாறியதால், பேனில் ஃபில்டர் திருகும் மரைக்குழாயான நிப்பிளைப் பார்த்துத்தான் ஃபில்டர் வாங்க வேண்டும். பேனை மட்டும் குறைந்த விலைக்கு வாங்கி, மற்றதை ஒவ்வொன்றாகத் தேடியவர்கள் கடைசியில் முழு செட்டின் விலையைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள்.

இதில் நான் விட்டுக்கொடுக்காத இடம் ஸ்ட்ரெய்னர். அதன் வாய் பேனின் தரைக்கு மிக நெருங்கினால் ஆயில் வர வழி இருக்காது. மிக உயர்ந்தால் பிரேக் அடிக்கும்போது காற்றை இழுக்கும். கால் அங்குலத்திலிருந்து எட்டில் மூன்று பங்கு (3/8) அங்குலம் வரை இடைவெளி இருந்தால் நல்லது. அளப்பது சுலபம். ஸ்ட்ரெய்னர் வாயில் பிள்ளைகள் விளையாடும் களிமண் உருண்டையை ஒட்டி, பேனை கேஸ்கெட்டோடு வைத்து நாலு போல்ட்டை முடுக்கிக் கழற்ற வேண்டும். நசுங்கிய களிமண்ணைக் கத்தியால் நறுக்கி, அதன் உயரத்தை அளந்தால் இடைவெளி கையில் வந்துவிடும். பிறகு அந்த மண்ணைத் துளி விடாமல் துடைத்தெடுக்க வேண்டும்.

அந்தக் குழாய் பம்பில் நுழையும் இடத்தில் ஒரு ஓரிங் இருக்கிறது. பார்வைக்கு ஒன்றுமில்லாத ரப்பர் வளையம். பம்புக்கும் குழாய்க்கும் ஏற்றபடி தடிமன் மாறும். குழாயைப் பம்போடு பிடிப்பது ஒரே போல்ட் என்பதால், அதை முடுக்கும்போது குழாய் லேசாகச் சாய்ந்து வளையத்தைக் கடித்துவிடும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, ஆனால் உள்ளே பம்பு காற்றையும் சேர்த்து இழுக்கும். காலையில் ஸ்டார்ட் செய்தால் பிரஷர் முள் எழும்ப நேரமாகும், வேகம் ஏறினால் முள் ஆடும். பம்பைக் குறை சொல்லிப் புதுப் பம்பு வாங்க வந்தவர்களிடம் நான் முதலில் அந்த வளையத்தைத்தான் கழற்றிப் பார்க்கச் சொல்வேன். ஆயில் தடவி, நேராக, கையால் கடைசி வரை தள்ளிய பிறகே போல்ட்டைத் தொட வேண்டும்.

டிப்ஸ்டிக் விஷயம் சுருக்கமானது. 5.3 டிரக் இன்ஜினுக்கு ஃபில்டரோடு 6 குவார்ட், ஏறக்குறைய 5.7 லிட்டர் ஆயில். அந்த கமாரோ பேனுக்கு 5.5 குவார்ட். ஒன்றின் குச்சியை மற்றதில் விட்டால் அது காட்டும் அளவை நம்ப முடியாது. பேனோடு வந்த குச்சியும் குழாயும் இல்லையென்றால், அளந்து ஊற்றி, வண்டி சமதளத்தில் நிற்கும்போது புதிதாகக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும்.

இருக்கிற பேனையே வெட்டி ஒட்டலாமே என்று கேட்பவர்களும் உண்டு. தகட்டில் செய்த பேனாக இருந்தால் சரி, வெல்டிங் முடிந்ததும் வெளிப்புறம் சுண்ணக்கட்டி தேய்த்து உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தால், எங்கே ஊசித்துளை இருக்கிறதோ அங்கே கறை ஊறும். அலுமினிய வார்ப்புக்கு நான் சம்மதிப்பதில்லை. வருடக்கணக்கில் ஆயில் குடித்த வார்ப்பில் வெல்டிங் சுத்தமாகப் பிடிக்காது. அதோடு அந்த பேன் வெறும் தொட்டி அல்ல. அதன் பின்பக்கம் பெல் ஹவுசிங்கோடு போல்ட்டில் சேர்ந்து பாரத்தில் பங்கு வாங்குகிறது. அதனால்தான் பொருத்தும்போதும் பிளாக்கின் பின்முகமும் பேனின் பின்முகமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்த பிறகே முழுமையாக முடுக்கச் சொல்கிறேன்.

வண்டிக்குள் இறக்கிய பிறகு ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். நேராக நிற்கும்போது தாராளமாக இடம் விட்ட ஸ்டியரிங் ராடு, முழுத் திருப்பத்தில் பேனை உரசும். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் போகப் போக இறங்கும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் சாயும். அரை அங்குலமாவது காலியிடம் இல்லையென்றால் அந்த பேன் அந்த வண்டிக்கு இல்லை, எவ்வளவு அருமையான பேனாக இருந்தாலும்.

பழைய பேன் வாங்கப் போகும்போது விற்பவரிடம் ஸ்ட்ரெய்னர், தகடு, டிப்ஸ்டிக் குழாய், பேன் போல்ட்டுகள் எல்லாம் சேர்த்தே விலை பேசுகிறேன். அடியில் இருக்கும் கீறலுக்குப் பயப்படுவதில்லை. டிரெய்ன் போல்ட்டின் மரை தேய்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்பேன், அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. பெல் ஹவுசிங் சேரும் காதில் முடி அளவு விரிசல் தெரிந்தாலோ, ஃபில்டர் உட்காரும் முகம் அடிபட்டிருந்தாலோ, சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்தில் விசாரிப்பேன்.